ஒப்பீட்டு மாதிரி

ஒப்பீட்டு மாதிரி மிக மோசமாக இருந்தது. மதலேனாவின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அவள் காப்புரிமை ஆய்வாளர். ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா, சொன்னபடி வேலை செய்கிறதா என்று விண்ணப்பத்தைப் படித்து முடிவு சொல்வது அவள் வேலை. இந்த விண்ணப்பம் சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துடையது. கண்டுபிடித்தவர் பெயர் ரமீஸ். பொருள், ரேடியோ அலைகளை உறிஞ்சும் ஃபெரைட் தூள்.

ஃபெரைட் ஒரு காந்தப் பொருள். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்டு எடுப்பார்கள். அதை அரைத்து, ரப்பரில் கலந்து, தகடாக்கி, மின்கருவிகளுக்குள் ஒட்டுவார்கள். ஒரு கருவியின் அலை இன்னொன்றைத் தொந்தரவு செய்யாமல் அந்தத் தகடு விழுங்கிக்கொள்ளும். நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த ஃபெரைட் பழையது. அதில் சிறிதளவு கோபால்ட் சேர்த்தால் தகடு பல மடங்கு அதிகமாக விழுங்குகிறது என்றார் ரமீஸ்.

நிரூபிக்க இரண்டு தகடுகள் செய்திருந்தார்கள். கோபால்ட் உள்ளது ஒன்று. இல்லாதது ஒன்று. இல்லாததற்குத்தான் ஒப்பீட்டு மாதிரி என்று பெயர். தடிமன் ஒன்றே. ரப்பரில் கலந்த தூளின் அளவும் ஒன்றே என்று எழுதியிருந்தது. முதல் தகட்டில் பட்ட அலை ஏறக்குறையத் திரும்பவே இல்லை. இரண்டாவதில் பாதி திரும்பியது.

பாதி. மதலேனா பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்தாள். கோபால்ட் இல்லாத இதே தூள், இதே தடிமனில், மற்றவர்கள் கையில் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. ரமீஸின் கையில் மட்டும் ஏன்?

புதியதை நன்றாகக் காட்டப் பழையதைக் கெடுத்தால் போதும். அதைச் செய்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் பொய் என்று எழுத அறிக்கையில் இடம் கிடையாது. வேறு வார்த்தை தேட வேண்டும். ஒப்பீட்டு மாதிரியின் முடிவு நம்பத்தக்கதாக இல்லை, விளக்கம் தேவை என்று எழுதினாள். கீழே வழக்கம்போல் அவள் பெயர் அச்சானது.

ஞாயிறு பூசை முடிந்து கணவன் அற்புதராஜோடு தேக்கா சந்தைக்கு வந்தாள். அற்புதராஜுக்குச் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை. ஆட்டிறைச்சி வாங்குவது அவன் பொறுப்பு.

"எலும்பக் கம்மியா போடுங்க பாய். போன வாரம் நான் வாங்கினது கறியா, எக்ஸ்ரேயா?"

"எலும்பு இல்லன்னா ஆடு எப்படி சார் நிக்கும்?" என்றார் கடைக்காரர்.

மதலேனா ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றாள். பின்னால் ஒரு குரல்.

"மதலேனா அக்காதானே?"

முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. சிரித்தார்.

"நான் ரமீஸ். ஃபெரைட் ஃபைல்."

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"ரிப்போர்ட்ல பேர் பாத்தேன். நம்ம ஆளுன்னு தெரிஞ்சுது. சர்ச் ஃபேஸ்புக்ல உங்க போட்டோ இருந்துச்சு லா."

"எனக்காகவா இங்க வந்தீங்க?"

"சத்தியமா இல்லக்கா. வாப்பாவோட துணிக்கடை அந்தப் பக்கம்தான். சண்டே சண்டே வருவேன்."

"கேஸ் பத்தி இங்க பேச முடியாது. உங்க ஏஜென்ட் மூலமா வாங்க."

"நம்பிக்கை இல்லன்னு எழுதிட்டீங்க. அந்த வார்த்தைதான் தூங்க விடல. ரெண்டு தகட்டையும் கொண்டாந்து காட்டுறேன், நீங்களே பாருங்க. காபிக்கடையில ஒரு தே குடிப்போமா?"

"வேணாம்."

அற்புதராஜ் பையோடு வந்தான். ரமீஸ் அவனுக்கும் ஒரு புன்னகை வைத்துவிட்டுப் போனார்.

"யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஆளயா இப்படி மொறைக்கிற? பாவம், அவன் சிரிச்சுக்கிட்டே போறான்."

"அதான் பிடிக்கல."

"உனக்கு யாரத்தான் பிடிச்சுது? ஃபாதர் பிரசங்கத்துல சொன்ன வருஷத்தையே வீட்டுக்கு வந்து செக் பண்ற ஆளு நீ."

மறுநாள் அவள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். துணிக்கடை இருந்தது. ரமீஸின் வாப்பா பெயரில்தான் இருந்தது. சந்தேகம் அதனால் குறையவில்லை. உண்மையான கடையை வைத்துக்கொண்டும் ஒருவர் அவளுக்காகக் காத்திருக்கலாம்.

மேலதிகாரி ஹோவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"உனக்கு அவரை முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"அவர் தமிழர்."

"ஆமாம்."

"நீயும்."

"ஆமாம்."

ஹோ திரையில் கோப்பைத் திறந்தார். "சந்திப்பு கேட்டிருக்கிறார்கள். நடத்து. ஆங்கிலத்தில் நடத்து" என்றார்.

சந்திப்பு அறையில் ரமீஸும் அவருடைய காப்புரிமை முகவர் மிஸ் கோவும் வந்து அமர்ந்தார்கள். கோ தயாராக வந்திருந்தார். தூளை அரைக்கும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் பழைய ஆவணங்களின் முடிவோடு ஒப்பிட முடியாது என்றார். நல்ல வாதம். மதலேனா நம்பவில்லை.

ரமீஸ் பையைத் திறந்தார். இரண்டு கறுப்புத் தகடுகளை மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு. ஒரே வெட்டு. கோவின் முகம் மாறியது. ரமீஸ் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

"ஆய்வாளர் காகிதத்தில் உள்ளதைத்தான் பார்ப்பார்" என்றார் கோ ஆங்கிலத்தில். "இது சாட்சியம் ஆகாது. எடுத்து வையுங்கள்."

"சும்மா பார்க்கட்டுமே."

கோ சொன்னது சரி. இத்தனை ஆண்டுகளில் தான் முடிவு எழுதிய எந்தப் பொருளையும் மதலேனா தொட்டதில்லை. எல்லாம் அட்டவணை, வளைகோடு, சொல். தகடுகளை ரமீஸ் பக்கம் தள்ளிவிடத்தான் கையை நீட்டினாள். கைக்கு ஒன்றாக எடுத்துவிட்டாள்.

வலது கை தாழ்ந்தது.

கை மாற்றிப் பார்த்தாள். இப்போது இடது கை தாழ்ந்தது.

"கனமானது எது?" என்று கேட்டாள்.

"கனமா?" ரமீஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். "இது கோபால்ட் சேர்த்தது."

"பிடித்துப் பாருங்கள்."

அவர் வாங்கினார். ஒவ்வொரு கையிலும் ஒன்று. சிரிப்பு சிறிது நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு இல்லை.

சிறிதளவு கோபால்ட்டுக்கு அந்தக் கனம் வராது. கனமான தகட்டில் தூள் அதிகம். தூள் அதிகமானால் அலையை அதிகமாக விழுங்கும். கோபால்ட் இல்லாமலே விழுங்கும். ரமீஸ் அதைப் புரிந்துகொள்வதை மதலேனா பார்த்தாள். புரிந்துகொள்வதுபோல் நடிப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

"தனித்தனியா தூக்கிப் பாத்ததே இல்லக்கா" என்றார் ரமீஸ். தமிழில்.

"யாரு செஞ்சது?"

கேட்ட பிறகுதான் தானும் தமிழில் பேசியது தெரிந்தது.

"கபீர் மச்சான். என் அக்கா ருக்சாரோட வீட்டுக்காரர். கலக்குறது, அச்சுல போடுறது எல்லாம் அவர். அளக்குறது மட்டும்தான் நான்."

"ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்றார் கோ.

மதலேனா அப்போதே ஆங்கிலத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. "இது தெரியாம நடந்த தப்பா இருக்கலாம்" என்றாள். "ஒரு தகட்டுக்குத் தூள எடைல எடுத்து, இன்னொண்ணுக்குக் கொள்ளளவுல எடுத்திருப்பாரு. நிறைய பேர் பண்றதுதான். அவர்கிட்ட கேளுங்க. ரெண்டையும் சரியா திரும்பச் செஞ்சு அனுப்புங்க. கோபால்ட் நிஜமா வேலை செஞ்சா அதுலயும் தெரியும்."

"கேக்க முடியாதுக்கா."

"கேக்கலன்னா இது இங்கயே முடிஞ்சுடும்."

"ஏற்கனவே ஒரு தடவை கேட்டுட்டோம்."

கோ பேனாவை மேசையில் வைத்தார்.

ரமீஸ் தகடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாப்பா கடையில சரக்கு காணாமப் போச்சு. சாப்பிட உக்காந்த இடத்துல, எல்லாரும் இருக்கும்போது, வாப்பா மச்சானப் பாத்து 'நீ எடுத்தியா'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். திட்டல, ஒண்ணுமில்ல. எடுத்தது வேற ஆளு, அப்புறம் தெரிஞ்சுது. ஆனா மச்சான் சோத்துல கைய வச்சவரு அப்படியே எழுந்து அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பெருநாளைக்கு வரல. வாப்பா மௌத்தாகி, அடக்கத்துக்குத்தான் வந்தாங்க. இந்தக் கம்பெனிய நான் ஆரம்பிச்சதே அவரத் திரும்பச் சேத்துக்கணும்னுதான்."

"அவருக்குத் தெரியாம நீங்களே ரெண்டு தகடு செய்யலாமே."

"மிக்ஸர் அவர் கையில. நான் போய் நின்னாலே ஏன்னு புரிஞ்சுடும். என்னத் தராசோட பாத்தா போதும்."

"திரு ரமீஸ்" என்றார் கோ. "நான் உங்கள் முகவர். என்ன பேசுகிறீர்கள்?"

"குடும்ப விஷயம், மிஸ் கோ."

"இது குறிப்பில் வருமா?" கோ மதலேனாவைப் பார்த்துக் கேட்டார்.

சந்திப்பில் பேசியது குறிப்பில் வர வேண்டும். குறிப்பு கோப்பில் சேரும். கோப்பை இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

"எழுதாதீங்கக்கா. மச்சான் தினமும் அதத் திறந்து பாப்பாரு. ஃபைல் எங்க வந்து நிக்குதுன்னு என்கிட்ட அவர்தான் சொல்வாரு."

மதலேனா அவரைப் பார்த்தாள். மோசடி தெரிந்திருந்தால் தகடுகளைக் கொண்டுவந்திருக்க மாட்டார். தெரியாது என்றால், கையில் எடுத்த உடனே எப்படி மச்சான் பெயர் வந்தது? கதையும் தடங்கலில்லாமல் வந்தது. அழுதிருந்தால் நம்பியிருக்கவே மாட்டாள். அவர் அழவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள். எந்தப் பக்கமும் முடிவு வரவில்லை.

எழுதத் தொடங்கினாள். இரு தகடுகளும் கனத்தில் வேறுபடுகின்றன. கண்டுபிடிப்பாளர் விளக்கம் தர அவகாசம் கேட்டார். கோவிடம் படித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"கண்டுபிடிப்பைப் பற்றி இவ்வளவுதான்."

கோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரமீஸ் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

வெளியே, லிஃப்ட் கதவு மூடும் முன் அவர் திரும்பித் தலையசைத்தார். நன்றி சொல்வதுபோல் இருந்தது. ஏமாந்தாய் என்பதுபோலவும் இருந்தது.

புதிய தகடுகளின் அளவுகள் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தால் என்னென்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். யார் எடை போட்டது, யார் கூட நின்றது. அவகாசம் முடிய நாள் இருந்தது.

அதற்குள் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கோபால்ட் வேலை செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். கபீர் தவறியிருக்கலாம், ஏமாற்றியிருக்கலாம். ஜூரோங்கில் ஒருவர் கலக்க, இன்னொருவர் அளக்க, தொழில் நடந்துகொண்டிருக்கும். சண்டைக்கு இடமில்லை. அலுவலகம் நிராகரித்ததா, நாமே விட்டுவிட்டோமா என்று மச்சான் கேட்டால் ரமீஸ் ஏதோ சொல்லியிருப்பார். பெரும்பாலும் ஆய்வாளர் சரியில்லை என்று.

வெள்ளிக்கிழமை ஹோ கூப்பிட்டார். மேசையில் கோவின் கடிதம் இருந்தது. சந்திப்பின் ஒரு பகுதி தமிழில் நடந்தது, அதன் பிறகு தன் கட்சிக்காரர் தன் ஆலோசனையை மீறி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார், அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்று கேட்டிருந்தார்.

"தமிழில் பேசினீர்களா?"

"ஆமாம்."

"யார் தொடங்கியது?"

"அவர். நானும் பதில் சொன்னேன்."

"என்ன பேசினீர்கள்?"

"அவருடைய குடும்ப விஷயம்."

"குறிப்பில் இல்லை."

"இல்லை."

"அதற்கு முன்பே சந்தையில் சந்தித்திருக்கிறீர்கள்."

"நான்தான் உங்களிடம் வந்து சொன்னேன்."

"சொன்னாய்." ஹோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. எழுதியது ஒன்று, நடந்தது வேறு என்று தெரிந்த பிறகு அட்டவணையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சொன்னதனால்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை மிரட்டினாயா? திரும்பப் பெறச் சொன்னாயா?"

"இல்லை."

"அப்படியானால் பேசியதை எழுதிக் கொடு. கோப்பில் சேர்த்துவிடலாம். உனக்கும் நல்லது."

கபீர் அந்தக் கோப்பை இன்னும் திறந்து பார்க்கிறாரா? திரும்பப் பெற்றதை யாரும் பார்க்க மாட்டார்கள். அல்லது முன்பைவிட அதிகமாகப் பார்ப்பார்கள். அப்படி ஒரு மச்சான் இருக்கிறாரா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"எழுத எதுவும் இல்லை" என்றாள்.

ஹோ கடிதத்தை ஓரமாக வைத்தார். இனி அவள் அறிக்கைகள் எல்லாவற்றையும் இன்னொருவர் படித்த பிறகே வெளியே போகும் என்றார். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. அவள் எழுந்தாள்.

"மதலேனா."

கதவருகே நின்றாள்.

"பேசியது கொஞ்சமா, நிறையவா?"

"நிறைய."

ஹோ அதை எழுதிக்கொண்டார்.