குறிப்பும் பெயரும்

ஜெயந்தினியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ஹட்டனில் என் இன்டர்நெட் கடைக்கு வந்து, ஆட்கள் நிறைந்திருக்கும்போது, "ஒங்க கூட்டாளிமாரு தளத்த மட்டுந்தான பட்டியல்ல போடுறீங்க" என்று கேட்டவள். நோர்வூட்டில் பாலர் பள்ளி டீச்சர். அவ்வளவு வாய்.

மலையகத்தாரின் இணையத்தளங்களை வகைபிரித்து ஒரே இடத்தில் தரும் பட்டியல் எங்களுடையது. ஐந்து பேர், சம்பளமில்லாமல் செய்தோம். வெளிநாட்டிலிருக்கும் நம் ஆட்கள் அதன் வழியாகத்தான் ஊரைப் பார்த்தார்கள். எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதை ஹட்டன் பகுதிக்கு நான் முடிவு செய்தேன். அந்த அதிகாரம் எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

2005 மே மாதம் அவள் ஒரு தளம் அனுப்பினாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அவளுடைய அம்மா பேச்சியம்மாவிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதமில்லை. படம், பெயர், தோட்டத்து விலாசம், "பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. சேர்க்க ஐந்து நிமிடம் போதும். எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தெரியும் உள்குறிப்பில் நாலு சொல் எழுதி, சேர்க்காமல் மூடிவிட்டேன். அவள் பதினொரு முறை விசாரித்து எழுதினாள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அடுத்த வருடம் ஜூலையில், பட்டியலைத் தொடங்கிய சிவபாதம் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கு வாத்தியார்.

"சனம் எங்களைத் திட்டுது. இனி ஒண்டும் மறைக்கேலாது. ஆர் பாத்தது, ஏன் சேர்க்கேல்லை, எல்லாம் வெளியில தெரியவேணும். கருத்து எழுதவும் இடம் விடுவம்."

முதலில் கை தூக்கியவன் நான்தான். இனிமேல் எழுதும் குறிப்புகளை மட்டும் காட்டுவார் என்று நினைத்தேன். மனுஷன் பழையதையும் சேர்த்துத் திறந்துவிட்டார். பதறிப்போய் அன்றைக்கே அவள் தளத்தைச் சேர்த்தேன். குறிப்பை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒன்பதாம் நாள் அதன் கீழே ஒரு கருத்து வந்தது.

சனிக்கிழமை ஜெயந்தினி தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். வீரய்யாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தை அச்செடுக்கச் சொல்லி, தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே வாசிங்க. எனக்கு வாய் வரல."

கீழே இருந்த கருத்தை மட்டும் விரலால் தொட்டு வாசித்தேன்.

"நான் பூண்டுலோயா கஜனி. குவைத்தில வேல செய்றேன். பேச்சியம்மா அக்கா வாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. பேச்சு வரல. பேரத் தவிர எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. ஏழு மாசம் இந்தப் பட்டியல்லதான் வாராவாரம் தேடுனேன். மார்ச்சுல எறந்துட்டாங்க. இங்கேயே பொதச்சிட்டாங்க."

வீரய்யா அழவில்லை. தாளில் நான் தொடாத மேல் வரியில் விரலை வைத்தார்.

"இத விட்டுட்டீங்களே தம்பி. இதுல என்னா போட்டிருக்கு?"

ஜெயந்தினியைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவவில்லை.

"திமிர் பிடித்தவள். கொஞ்சம் காத்திருக்கட்டும்."

"யாரு எழுதுனது?"

என் பெயரும் அதே வரியில் இருந்தது.

"சின்னராசா," என்று வாசித்தேன்.

"அது யாருங்க?" என்றார் வீரய்யா.