நூலுக்கு அந்தப் பக்கம்

பயிற்சியாளர் ஒவ்வொரு மேசையின் இடது ஓரத்திலும் குறுக்காக ஒரு சிவப்பு நூலை ஒட்டிவிட்டுப் போனார். அந்த நூல்தான் இன்றைய நாள். மேசையின் வலது ஓரம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள். அந்த முடிவிலிருந்து பின்னோக்கி, வேலைக்கு ஒரு மஞ்சள் சீட்டாக ஒட்டிக்கொண்டே நூல்வரை வர வேண்டும். ஆய்வு மாணவர்களுக்குத் திட்டமிடவே தெரியவில்லை என்று துறைத்தலைவர் அலுத்துக்கொண்டதால் ஏற்பாடான வகுப்பு.

அவள் ஒட்டினாள். கடைசித் திருத்தம், அதற்கு முன் எழுத்து, அதற்கும் முன் பாசியை வளர்த்துப் பார்ப்பது. எதையும் நெருக்க முடியவில்லை. பாசி தன் இஷ்டத்துக்குத்தான் வளரும். மழைக்கால ஏரித் தண்ணீர் எடுக்கும் சீட்டுக்கு வந்தபோது விரல் நூலைத் தாண்டியிருந்தது. சீட்டு போன வருடத்து மழையில் போய் விழுந்தது. அடுத்த மழைக்குள் உதவித்தொகை நின்றுவிடும்.

இடப்பக்கம் ஒட்டிப் போட்ட மேசையில் அவளுடைய ஆய்வகத்து ஜூனியர். "அக்கா, எல்லை தாண்டி என் நாட்டுக்குள்ள வந்துட்டீங்க. பாஸ்போர்ட்ட எடுங்க."

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். "நூலுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதும்மா. போன வருஷத்துக்குப் போயா வேலை செய்வீங்க? அப்பவே ஏன் எடுக்கல?"

"எடுத்தாங்க சார், கெட்டுப்போச்சு," என்றான் ஜூனியர், அவளுக்காக.

ஆய்வு வழிகாட்டியிடமும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள். உண்மையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நேரத்துக்கு ஆய்வகம் வந்து, காலிக் குப்பிகளைக் கழுவித் துடைத்து, திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். வயிற்றில் வந்தது தங்கவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தாள். வந்ததே கணவனைத் தவிர யாருக்கும் தெரியாதபோது, போனதை யாரிடம் போய்ச் சொல்வது? "வேலைக்குப் போ, மனசு மாறும்," என்றான் அவன். போனாள். மனசுதான் கூட வரவில்லை.

"அப்போ மழையை விட்டுடுங்க. ஒரு அத்தியாயம் குறைஞ்சா என்ன?" என்றார் பயிற்சியாளர்.

"மழையை எடுத்துட்டா ஆய்வே இல்ல சார்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் மஞ்சள் சீட்டுக் கட்டிலிருந்து இன்னொன்றை உரித்தெடுத்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். எதுவும் எழுதாமலே அதை நூலுக்கு அந்தப் பக்கம், மழைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"இது என்னம்மா, வெறுமனே?"

"இதுவும் வேலைதான் சார்."

ஜூனியர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் தன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அவளுக்கு இடம்விட்டுத் தள்ளி ஒட்டத் தொடங்கினான். மின்விசிறிக் காற்றில் எழுதாத சீட்டின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.