முத்திரை இல்லாத புத்தகம்

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவனை உள்ளே விடுவதில்லை. துப்பாக்கி வைத்திருந்த காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து என் மகள் பூவிழியையும் பேத்தி கனிமொழியையும் உள்ளே விட்டார். என்னைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க பெரியவரே" என்றார். தள்ளி நிற்பது எனக்குப் புதிதில்லை. நின்றேன்.

மணி எட்டேகால். விமானம் பதினொன்றுக்கு. கொழும்பு போய் அங்கிருந்து லண்டன். திங்கட்கிழமை காலையில் கனிமொழிக்குப் பரீட்சை. அதை எழுதாவிட்டால் ஒரு வருஷம் வீண். என் பெண்சாதி பொன்னுத்தாய் செத்து வருஷம் திரும்பியதற்குப் படைக்க வந்தவர்கள், பத்து நாளும் இந்தப் பரீட்சைப் பேச்சுத்தான் பேசினார்கள். அந்தப் பிள்ளை மின்விசிறிக்கு அடியில் புத்தகமும் கையுமாகவே கிடந்தது.

அரை மணி போயிருக்கும். பூவிழி வாசலுக்கு ஓடி வந்தாள். வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்களோ என்னவோ, கதவுக்கு உள்ளே நின்றுகொண்டே கத்தினாள்.

"அப்பா, கனியோட இன்னொரு பாஸ்போர்ட்டப் பாத்தீங்களா? நீலக் கலரு அட்ட."

என் கை இடுப்புக்குப் போனது.

"கவுண்டர்ல இருக்குற பொண்ணு ஏத்த மாட்டேங்குதுப்பா. இவ கையில இருக்குறது சிலோன் பாஸ்போர்ட்டு, அதுல லண்டன் போக விசா இல்லங்குது. அந்த ஊரு பிரஜைன்னா அந்த ஊரு பாஸ்போர்ட்டக் காட்டுங்குது. போன்ல இருக்குற போட்டோவக் காட்டுனேன். அது செல்லாது, அசலு வேணுங்குது. இப்பல்லாம் ரொம்பக் கண்டிப்பாம். பத்து மணிக்குக் கவுண்டர மூடிருவாங்க."

அசல் வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"பெட்டியில இருக்கு" என்றேன்.

"எந்தப் பெட்டியில?"

"வீட்டுல. என் டிரங்குப் பெட்டியில."

அவள் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். காவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். பேத்தி பிறந்தது லண்டனில். அப்பன் நாட்டுக்கு ஒரு புத்தகம், பிறந்த நாட்டுக்கு ஒரு புத்தகம் என்று அதற்கு இரண்டு பாஸ்போர்ட். முதலில் யாழ்ப்பாணம் போய் அந்தப் பக்கத்துச் சொந்தங்களைப் பார்த்துவிட்டு, அந்த நாட்டுப் புத்தகத்தைக் காட்டித்தான் இங்கே வந்தார்கள். முந்தாநாள் மத்தியானம் அவர்கள் துணி எடுக்கத் தஞ்சாவூர் போயிருந்தபோது, கட்டிலில் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் நம் நாட்டு முத்திரை குத்தியிருந்தது, தேதியோடு. நீலப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரையும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, முத்திரை தெரியும். தாலுகா ஆபீசில் ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், முத்திரை இல்லாத காகிதத்தை எவனும் மதிப்பதில்லை. போவதற்கு முத்திரை உள்ளது போதும், இரண்டு அசலையும் ஒரே பையில் போட்டு ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தால் ஒரு திருடனுக்கு இரண்டும் போய்விடும் என்று நினைத்தேன். நீலத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

சொல்லக்கூடாது என்றில்லை. சொன்னால் எடுக்க விடமாட்டார்கள்.

என் அப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கருக்கு ஒப்படைப் பட்டா இருந்தது. கணக்கில் ஏற்றித் தருகிறேன் என்று அசலை வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவே இல்லை. பதினோரு வருஷம் ஜமாபந்திக்கு ஜமாபந்தி நகலை நீட்டிக்கொண்டு நின்றார் அப்பா. நின்றபடியே செத்தார் என்றும் சொல்லலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அசல்கள் மொத்தமாக வெளியே போனதில்லை.

இதையெல்லாம் கதவருகே நின்று சொல்ல நேரமில்லை.

"வீட்டுச் சாவி யார்ட்ட?" என்றாள் பூவிழி.

அரைஞாண் கயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, இரண்டும் என் இடுப்பில்.

"அப்ப உடைக்கத்தான் வேணும். பக்கத்துல ஜெகபர் மாமா இருப்பாரு. அவருக்கு நீங்களே போடுங்க."

"அவன் நம்பரு என்கிட்ட இல்ல."

"என்கிட்ட இருக்கு. நீங்கதான் போனு போட்டா எடுக்க மாட்டீங்களே. நீங்க உசுரோட இருக்கீங்களான்னு நான் அவர்ட்டதான் கேட்டுக்குறேன்."

இது எனக்குத் தெரியாது.

ஜெகபர் அலிக்கும் எனக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. என் வயலுக்கு வருகிற மடையை அவன் அடைத்துவிட்டான் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தவன் நான். விசாரணைக்கு அவனைத் தஞ்சாவூருக்கு நாலு தடவை அலைய வைத்தேன். அவன்தான் அடைத்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பூவிழி நம்பரைப் போட்டு, காவலரிடம் கெஞ்சி, போனை என் கையில் கொடுத்தாள்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா? நாட்டுல எத்தனையோ நான்."

"இளையபெருமாளு."

"சித்திரையில மழ வரும் போலருக்கே. சொல்லுங்க பெரியவரே, இப்ப எந்த மடைய அடச்சேன்?"

"பாய், விளையாடாத. என் வீட்டுப் பூட்ட ஒடைக்கணும். பேத்தி பாஸ்போர்ட்டு பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. நீலக் கலரு. பத்து மணிக்குள்ள ஏர்போர்ட்டுக்கு வரலன்னா புள்ள பரீட்சை போச்சு."

"நான் ஒடச்சா நாளைக்கு என் மேலயே மனுக் குடுப்பீங்க."

"குடுக்க மாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"பாய்!"

வைத்துவிட்டான். வருகிறானா இல்லையா என்று சொல்லவில்லை. மணி எட்டு ஐம்பது.

பூதலூரிலிருந்து செங்கிப்பட்டி வந்து, துவாக்குடி டோல்கேட் தாண்டி, விமான நிலையம் வர நல்ல வண்டியாக இருந்தாலே முக்கால் மணி நேரம். ஜெகபரிடம் இருப்பது நெல் மூட்டை ஏற்றுகிற குட்டியானை. கொள்முதல் நிலைய வாசலில் நாள் கணக்காக நின்று பழகிய வண்டி. நான் ரோட்டைப் பார்த்தே நின்றேன். வந்த கார்களில் இருந்து கோட்டுப் போட்டவர்கள் இறங்கினார்கள், மாலை போட்டவர்கள் இறங்கினார்கள். யாரும் எதையும் பெட்டியில் வைத்து மறந்த மாதிரி தெரியவில்லை.

நடுவில் கனிமொழி ஒரு தடவை கதவுக்கு வந்தது. அதற்கு அப்பன் ஊர்ப் பேச்சு.

"பரவாயில்லை தாத்தா. அழாதேங்கோ."

"நான் எங்க அழுதேன்? வெயிலு."

"நீங்கள் நிழலில்தானே நிக்கிறியள்."

அது கையில் அப்போதும் ஒரு பாடப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் கால் வலிக்கிறது என்று தெரிந்தது. தரையில் உட்கார்ந்தேன்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் குட்டியானை வந்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினான். விசில் ஊதிக்கொண்டு ஒருத்தர் ஓடி வந்தார். ஜெகபர் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினான். என் டிரங்குப் பெட்டி முழுசாக அங்கே இருந்தது, பூட்டோடு.

"இத ஏன்யா தூக்கிட்டு வந்த? பெட்டிய ஒடச்சி அத மட்டும் எடுத்தாந்தா என்ன?"

"ஒடச்சா, உள்ள இருந்த ஒரு காயிதத்தக் காணோம்பீங்க. வீட்டுப் பூட்டு ஒண்ணுக்குத்தான் நீங்க உத்தரவு குடுத்தீங்க. உங்க பெட்டி, உங்க சாவி. நீங்களே தொறங்க."

சாவி அரைஞாணை விட்டு வரவில்லை. வண்டி மேலே ஏறி, பெட்டியோடு இடுப்பை ஒட்ட வைத்துக்கொண்டுதான் திறந்தேன். விசில்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பட்டா, சிட்டா, பொன்னுத்தாயின் ஆதார், எல்லாவற்றுக்கும் மேலே நீலப் புத்தகம் இருந்தது. ஜெகபர் பிடுங்கிக்கொண்டு கதவுக்கு ஓடினான். அறுபது வயசில் அவன் அப்படி ஓடுவான் என்று நான் நினைக்கவில்லை.

பேத்தி வாங்கிக்கொண்டு உள்ளே பறந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பூவிழி மட்டும் திரும்பி வந்தாள்.

"போர்டிங் பாஸ் போட்டாச்சுப்பா. மூடப் போன கவுண்டரத் தொறந்து வச்சிருந்தாங்க."

நான் தலையாட்டினேன்.

"ஏன்ப்பா எடுத்து வச்சீங்க? அது இங்க இருந்தா நாங்க திரும்பி வருவோம்னுதானே?" அவள் குரல் மாறியிருந்தது. "அம்மா இல்லாத வீட்டுக்கு நாங்க வர மாட்டோம்னு நெனச்சிட்டீங்களா? வருவோம்ப்பா."

அப்படி நான் நினைக்கவே இல்லை. முத்திரை இல்லை என்றுதான் எடுத்தேன். ஆனால் அவள் கண் கலங்கி நிற்கும்போது, இல்லம்மா, எனக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மடையன் என்று பெயர் வாங்குவதைவிடப் பாசக்காரன் என்று வாங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். "போய்ட்டு வா" என்றேன். போனாள்.

திரும்பி வரும்போது பெட்டியைப் பின்னால் வைக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். துவாக்குடி வரைக்கும் ஜெகபர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். அதற்கப்புறம் சட்டைப் பையிலிருந்து உடைந்த பூட்டை எடுத்து என் மடியில் போட்டான்.

"இந்தாங்க. இதுவும் உங்க சொத்து. வீட்டு வாசல்ல என் சம்சாரத்த ஒக்கார வச்சிட்டு வந்திருக்கேன். ஈ காக்கா உள்ள போயிருக்காது."

பூதலூர்க் கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லிப் புதுப் பூட்டு ஒன்று வாங்கினேன். வண்டியில் ஏறியதும் கேட்டான், "ரெண்டு சாவி குடுத்திருப்பானே?"

"குடுத்தான்."

"ஒண்ண யாருட்டயாச்சும் குடுத்து வைங்க. இன்னொரு தடவ ஒடைக்க எனக்குத் தெம்பு இல்ல."

"பாப்போம்."

திங்கட்கிழமை பரீட்சை எழுதிவிட்டதாகப் பூவிழி போன் செய்தாள். நான் எடுத்தேன். அவளுக்கே ஆச்சரியம்.

இரண்டு சாவியும் இன்னும் என் இடுப்பில்தான் இருக்கின்றன. ஒன்றைக் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஆற்றில் தண்ணீர் விடட்டும், மடைக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று திரும்பி வந்துவிட்டேன்.