காயவைத்த மூக்கு

ஃபைபர் படகுகளின் ஓட்டையை அடைப்பது என் தொழில். எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் எந்தப் படகுக்குள் தண்ணீர் ஏறினாலும் 'மணிவேலைக் கூப்பிடு' என்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு, சொந்த வீட்டில் ஒழுகிய ஒரு மூக்கை எட்டு மாதமாக என்னவென்று பார்க்கத் தெரியவில்லை. வெட்கம்தான். என்ன செய்வது, சொல்லித்தானே ஆகவேண்டும்.

என் மனைவி கனகம் காரைக்கால் சந்தையில் மீன் விற்கிறவள். குனிந்து மீன் அரியும்போதெல்லாம் அவளுக்கு வலது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். இடது பக்கம் ஒரு சொட்டு வராது. சளி மாதிரி கொழகொழப்பும் கிடையாது, வடிகட்டிய தண்ணீர் மாதிரி இருக்கும். சந்தையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்துக் கடை பங்கஜவல்லி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். நானும் போர்வையைப் போர்த்தி உட்காரவைத்தேன். வியர்த்து விறுவிறுத்துப் போய்ப் போர்வையைத் தூக்கி எறிந்தாள் கனகம்.

"யோவ், என்னய என்ன இட்லின்னு நெனச்சியா?"

அவள் கத்தின கத்தில் மூக்கிலிருந்து இன்னும் நாலு சொட்டு விழுந்தது. அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தேன்.

ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். முப்பது வருடத்தில் அவள் என்னை 'நீங்க' என்றது அன்றைக்குத்தான்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து பிழைக்கவைத்தார்கள். மூக்கில் வருவது சளி இல்லையாம், மூளையைச் சுற்றியிருக்கும் நீராம். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய எலும்பில் எங்கேயோ ஓட்டை. நீர் இறங்குகிற அதே வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. ஓட்டையை அடைக்காவிட்டால் காய்ச்சல் திரும்ப வரும், அடுத்த முறை பிழைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டர். ஆனால் சாதாரண ஸ்கேனில் எலும்பு மூன்று இடத்தில் மெலிந்து தெரிகிறதாம்.

"மூணுல எது ஒழுகுதுன்னு தெரியாம எங்க போய் அடைக்கிறது?" என்றார்.

நியாயமான பேச்சு. முதுகில் ஊசி வழியாக ஒரு மருந்தை விட்டு, அது தலைக்கு ஏறி எந்த வழியாக இறங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்களாம். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எந்தப் படகையும் கரையேற்றி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் ஓட்டையில் ரெசின் பசை பூசுவேன். ஈரத்தில் ஒட்டாது. ஆகவே கனகத்தையும் காயவைத்தேன். மூன்று தலையணை வைத்துச் சாய்த்தேன். சந்தை கிடையாது, அரிவாள்மணை கிடையாது, குனிவது கிடையாது. அவள் கோபப்படக்கூடாது என்பதற்காக நானே சமைத்தேன். அதைச் சாப்பிட்டும் அவள் கோபப்படவில்லை என்றால் எவ்வளவு பலவீனமாக இருந்திருப்பாள், பாருங்கள். நாலாம் நாளே மூக்கு காய்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஸ்கேன் அன்று காலையில் மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டார்கள். எட்டு மாதமாக ஒழுகுகிறது என்றேன். காயவைத்த சங்கதியைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. ஊசி போட்டு, மருந்தை விட்டு, தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் டாக்டர் தஹ்ஸீன் வெளியே வந்தார். நம் காரைக்கால் பெண்தான்.

"அண்ணே, மருந்து மேல போயிருக்கு. ஒரு சொட்டுகூட கீழ எறங்கல. அக்காவுக்குக் கடைசியா எப்ப ஒழுகுச்சு?"

"ஒரு வாரமா ஒழுகலீங்க டாக்டரம்மா. நான்தான் காயவெச்சேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"நீங்க என்ன வேலண்ணே பாக்குறீங்க?"

"போட்டுல ஓட்ட அடைக்கிறேங்க."

"ஓட்ட எங்க இருக்குன்னு எப்புடிக் கண்டுபிடிப்பீங்க?"

"உள்ள தண்ணிய ஊத்தி, சொட்டு நீலம் கலந்து, வெளிய எங்க நீலமா கசியுதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தேடும்போது ஈரம் வேண்டும், பூசும்போதுதான் காய வேண்டும். தேடுவதற்கு முன்பே காயவைத்திருக்கிறேன், மடையன்.

"மருந்து இன்னும் கொஞ்ச நேரந்தான் நிக்கும்" என்றார் தஹ்ஸீன். "இரும, முக்கச் சொல்லிப் பாத்தாச்சு. ஆஸ்பத்திரின்னு கூச்சப்படுறாங்க. இன்னைக்கு வரலன்னா ஊசிய இன்னொரு நாள் முதல்லேருந்து போடணும்."

இன்னொரு நாள் வரைக்கும் காய்ச்சல் காத்திருக்குமா? 'நீங்க யாரு' என்று கேட்ட முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே அந்த இட்லியும், அவள் கத்தியதில் விழுந்த நாலு சொட்டும் ஞாபகம் வந்தன.

"அவகிட்ட நான் ஒரு வார்த்த பேசலாங்களா?"

என்னை உள்ளே அழைத்துப் போய், ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்த மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"கனகம்."

"என்னய்யா?" குப்புறப் படுத்தபடியே கேட்டாள்.

"முப்பது வருசமா மனசுல வெச்சிருக்கேன். இப்ப சொல்லிடுறேன்."

"சொல்லித் தொல."

"நீ விக்கிறது பூராவும் ஐஸ் மீனு. செவுளப் பாத்தாலே தெரியும். முந்தாநாளு மீனு."

பிறகு அந்த அறை தாங்கவில்லை. விடியற்காலையில் கரையில் நின்று துள்ளத் துள்ள வாங்கி வருகிறவளைப் பார்த்து ஐஸ் மீனா என்று தொடங்கினாள். என் பரம்பரை, என் மூஞ்சி, நான் ரெசின் பூசிய லட்சணம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

"வருது, வருது!" என்று உள்ளேயிருந்து ஒருவர் கூவினார். "அக்கா, போதும், இப்ப அசையாதீங்க!" என்று தஹ்ஸீன் மைக்கைப் பிடுங்கினார்.

படத்தை எனக்கும் காட்டினார்கள். மூக்குக்கு மேலே, வலது ஓரத்தில், அரிசிக் குறுணை அளவு ஓட்டை. அதிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. அதுதான் என் கனகத்தைக் கொல்லப் பார்த்தது.

அடுத்த வாரம் மூக்கு வழியாகவே போய், தொடையிலிருந்து எடுத்த சவ்வை வைத்து அடைத்தார்கள். என்ன ரெசின் போட்டீர்கள் என்று கேட்டேன், என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். மூன்று மாதம் குனியக்கூடாது, கத்தக்கூடாது என்றார்கள். என்னோடு பேசவும் கூடாது என்று கனகம் தானாகச் சேர்த்துக்கொண்டாள். சோற்றுத் தட்டை மட்டும் டக்கென்று வைப்பாள். மூக்கைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது மாதம் டாக்டர் அனுமதியோடு சந்தைக்குப் போனாள். அரிவாள்மணையில் குனிந்து ஒரு கொடுவா மீனை அரிந்துகொண்டிருந்தாள். சொட்டவில்லை. ஆனால் குனிந்தால் மட்டும் போதுமா? நேராகப் போய் அவள் கடை முன்னால் நின்றேன். சந்தை மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, இது ஐஸ் மீனா?" என்றேன்.

பங்கஜவல்லி தன் கூடையோடு நகர்ந்து உட்கார்ந்தாள். கனகம் எழுந்தாள். மூன்று மாதச் சேமிப்பையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. வலது மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி முடித்து, மூச்சு வாங்கி, மறுபடி கத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை.

நான் எதைப் பார்க்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று பேச்சை நிறுத்தினாள். முந்தானையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"மூக்கத் தொடய்யா" என்றாள். "ரெண்டு பக்கமும் ஒழுகுது."