நாற்பது கட்டுப் பட்டை

1

இந்தக் கதை ஒரு வசவில் தொடங்கியது. போன மே மாதம், செண்பகனூர் பஸ் நிறுத்தம். மேல்மலை நீர்த்தேக்கம் ஒன்று வற்றி, முப்பது வருடத்துக்கு முன் மூழ்கிய மரச் சரக்குத் தோணி வெளியே தெரிந்திருந்தது. ஜீப் ஓட்டும் அருள்தாஸ் போனில் படத்தைக் காட்டினார்.

"குடிகாரன் கவுத்த கப்பலு இதான்."

நிறுத்தத்தை ஒட்டிய தன் கடையில் கேரட் கூறு கட்டிக்கொண்டிருந்த மாரியாயி நிமிர்ந்தாள்.

"ஏலே அருளு, உன் ஜீப்பு ஒரு சொட்டு குடிக்காமலே பள்ளத்துல கெடந்துச்சே. அத யாரு கவுத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தோணியோடு போன சுப்பையா அவள் புருஷன்.

பஸ்ஸுக்கு நின்ற இந்துவிடம் திரும்பினாள். "நீ பத்திரிகைக்கு எழுதுற புள்ளதானே? அவரு குடிக்கலன்னு எழுது."

(இந்து நான்தான். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.)

2

இந்து எழுதிய முதல் தொடக்கம்: "பனி விலகிய ஏரியின் மடியில் ஒரு மரக்கனவு..." அடித்துவிட்டாள். அது கனவல்ல, தோணி. நேரில் போய் நாடா வைத்து அளந்தாள்: ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் உரித்த வாட்டில் மரப் பட்டை, தோல் பதனிடுவதற்காக, அதில்தான் அக்கரை லாரிக்குப் போனது. அவர்கள் அதைக் கப்பல் என்றார்கள்.

சுப்பையா மிக நல்லவர், ஏரியின் ஒவ்வொரு

(வேண்டாம். அவரை இந்துவுக்குத் தெரியாது.)

3

"அன்னைக்கு எத்தன கட்டு ஏத்துனீங்க?" என்று மாரியாயியிடம் கேட்டாள்.

"நாப்பது. எப்பவும் நாப்பதுதான். நான்தான் எண்ணி விட்டேன்."

"நிறுக்க மாட்டீங்களா?"

"பட்டைக்கு என்னா நிறுவ? கட்டு எண்ணிக்கதான்."

"காஞ்ச பட்டைதானே?"

"பத்து நாளு காயணும். மறுநா திருவிழா. பச்சையாவே கட்டிட்டேன். அவரு ஒரு மாதிரி பாத்தாரு. ஏத்துய்யா, வெரசா சோலி முடியட்டும்னேன்."

திருவிழாவுக்கு முந்தின நாள் என்பதால் ஊர் அவரைக் குடிகாரனாக்கியது.

4

இந்து படித்தது இயற்பியல். காய்ந்த கட்டு சுமார் இருபத்தைந்து கிலோ. பச்சைக் கட்டு ஐம்பது. காய்ந்த நாற்பதுக்குத் தோணியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் இருபது சென்டிமீட்டர் நிற்கும். பச்சைக்கு ஆறு. மேல்மலைக் காற்றில் ஆறு போதாது. யார் துடுப்புப் போட்டிருந்தாலும் அது மூழ்கியிருக்கும்.

சுப்பையா மேல் தவறில்லை. நிரூபணத்தின் முதல் வரியிலேயே மாரியாயி நிற்கிறாள்.

5

முடிவு அ: கணக்கை அப்படியே போடுவது.

முடிவு ஆ: திடீர்க் காற்று என்று எழுதிவிடுவது. யாருக்கும் நோகாது. யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மறுபடியும் கடைக்குப் போனாள்.

"அவரு குடிக்கலன்னு காட்டணும்னா, பட்டையோட ஈரத்த எழுதணும்மா."

மாரியாயி கை வேலையை நிறுத்தவில்லை. "தேயிலத் தோட்டத்துல மழ நாள்ல கொழுந்து நிறுக்கையில தண்ணி எடையக் கழிப்பாங்க புள்ள. ஈரம் கனக்கும்னு எனக்குத் தெரியாதா? அவரக் கரையில தூக்கிப் போட்ட அன்னைக்கே தெரியும்."

"எழுதவா?"

"எம் மகன் படிப்பானே."

"அப்ப வேணாமா?"

"அப்பனக் குடிகாரன்னுதான் அவனும் நெனச்சுக்கிட்டிருக்கான்."

ஒரு கார் வந்து நின்றது. "கேரட்டு பாருங்க சார், இப்ப புடுங்குனது" என்று எழுந்துவிட்டாள்.

6

மாரியாயி அவள் பெயரல்ல. சுப்பையாவும் அவர் பெயரல்ல. பெயரை மாற்றியதில் அவள் தப்பித்தாள். அவர் தப்பிக்கவில்லை; ஊரில் அவர் இன்னும் குடிகாரன்தான்.

கணக்கு இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த நிறுத்தத்தில் நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது "குடிகாரன் கப்பல்" என்று சொல்லக்கூடும். அவள் காதில் விழும் தூரம். பக்கத்தில் அவள் மகன் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?