காலி டிஸ்க்

இரண்டாவது விளக்கு மினுக்கத் தொடங்கியபோதுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்கு சந்தேகம் வந்தது. மேஜைமேல் நகல் எடுக்கும் பெட்டி. அதில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்று மகளின் வீடியோ கேம் பெட்டியிலிருந்து கழற்றியது. கொஞ்ச நாளாகவே டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது. மற்றது புத்தம் புதுசு. எழுந்து எட்டி, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பெட்டியின் முகப்பைப் பார்த்தார். அங்கே வரைந்திருந்த அம்புக்குறி புதியதிலிருந்து பழையதுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலி டிஸ்க் தன் வெறுமையை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்கி எறிந்தார். எப்படி மாறியது என்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

பழையதைக் கேம் பெட்டியில் திரும்ப மாட்டி, டிவியைப் போட்டார். டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை, புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று திரை மரியாதையாகக் கேட்டது.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதற்குள் ஒரு பட்டணம் கட்டி வந்தாள். பாலம், ரயிலடி, தெருவுக்குத் தெரு மரம். இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனாலும் வீடு திரும்பியதும் அந்தப் பட்டணத்துக்குள் ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இணையத்தில் நகல் வைக்கும் வசதியை வெட்டிச் செலவென்று நிறுத்தியது அவர்தான். இந்தச் சனியனை ஒருநாள் மாடியிலிருந்து எறிகிறேனா இல்லையா பார் என்று வாரந்தவறாமல் கறுவியதும் அவர்தான். டிஸ்க் மாற்ற அவராகவே முன்வந்தபோது மகள் சிரித்தாள். "கொலை பண்ணாம விட்டாப் போதும்ப்பா." அவருக்குச் சுருக்கென்றது. ஊர் உயிரையெல்லாம் கம்பியில் தொங்கவிட்டுக் காப்பாற்றுகிற கை இது என்றார்.

விஷயம் கேட்ட மனைவி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, பழசு ஏற்கெனவே செத்துடுச்சுன்னு சொல்லிடுங்க. முனகுனதை அவளே கேட்டிருக்கா."

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். திருப்புளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மகள் வந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை.

"வேணும்னுதானே பண்ணீங்க?"

"இல்லம்மா."

மனைவி சொல்லிக்கொடுத்த பொய்யை அவள் நம்பியிருப்பாள். உண்மைதான் அவருடைய இத்தனை வருஷ வாயோடு சேர்ந்துகொண்டு பொய் மாதிரி பல்லிளித்தது. மகள் பழைய டிஸ்க்கைக் கேம் பெட்டியிலிருந்து உருவி அவர் முன்னால் வைத்தாள்.

"சரி. இப்பச் சரியா வைங்க, பாக்கலாம்," என்றாள்.

பரீட்சைக்கு உட்கார்ந்தவர்போல நாற்காலியை இழுத்துக்கொண்டார். ஒயர் எட்டவில்லை. அதனால் பெட்டியை அப்படியே திருப்பினார். முகப்பு சுவரைப் பார்த்தது. இடது பக்கம் பழசு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு பழையதைத் தன் இடது பக்கம் நிறுத்தினார். புதியதை வலது பக்கம். இரண்டையும் அழுத்திப் பார்த்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

"இப்பச் சரிதானே?"

பெட்டியைத் திருப்பியதும் இடமும் வலமும் மாறிவிட்டதை இன்னும் அவர் கண்டுபிடிக்கவில்லை. மகள் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா," என்றாள் கடைசியில். "இப்பவும் தப்புதான்."

எங்கே தப்பு என்று அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவள் புதிய டிஸ்க்கை உருவி எடுத்தாள். அவர் கையிலிருந்த திருப்புளியையும் வாங்கிக்கொண்டாள்.

"இதைக் கேம் பெட்டியில நான் மாட்டிக்கிறேன். நீங்க டார்ச் பிடிங்க."

பிடித்தார். வெளிச்சம் திருகாணிகளைவிட்டு விலகி விலகி ஓடியது. ஆட்டாதீங்க என்று அவள் சொல்லவில்லை. வெளிச்சம் திரும்பி வரும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருகினாள்.