பஸ் டிரைவரின் ஆட்சேபம்

"ஆட்சேபத்துல கையெழுத்துப் போடப் போறியா, இல்லையா?"

"போடமாட்டேன்னு நான் சொன்னேனா? கத்தாதேன்னுதான் சொல்றேன்."

"நானா கத்தறேன்? ஜூடோ கிளப் செயலாளர்ங்கிற முறையில கேக்கறேன்!"

"அப்போ செயலாளர் அந்தக் கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கேக்கட்டும்."

சலூன்காரர் கையில் சவரக்கத்தி இருந்தது. நாற்காலியில் பாதி முகம் மழித்து, மீதி முகம் நுரையோடு ஒரு வாடிக்கையாளர் மூச்சு விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாசலில் நாங்கள் ஐந்தாறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்போல நின்றுகொண்டிருந்தோம். மழை பெய்யவில்லை.

எதிரே யூனிஃபார்மோடு நின்றவள் அவருடைய தங்கை, பஸ் டிரைவர். எண்பத்தெட்டு கிலோ, மறைக்க மாட்டாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். ஜூடோவில் கறுப்புப் பெல்ட். நகரப் போட்டியில் பெண்களுக்கான அதிக எடைப் பிரிவில் ஏழு வருஷமாகத் தங்கப் பதக்கம் அவளுக்குத்தான். ஏழையும் அண்ணன் சலூன் கண்ணாடிக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்தார். முடி வெட்ட உட்காருகிறவர் யாரானாலும் தங்கச்சி புராணம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கலாம். "யாரைத் தோற்கடிச்சாங்க?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் மட்டும் அப்புறம் கத்தரிச் சத்தம்தான் கேட்கும்.

ஏனென்றால் யாரையும் இல்லை. அந்த எடையில் நகரத்தில் வேறு பெண்ணே கிடையாது. வருஷா வருஷம் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு மெத்தையில் ஏறுவாள், ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்கு வணக்கம் வைப்பாள், நடுவர் கையைத் தூக்கிவிடுவார். மொத்தம் ஒரு நிமிஷம். "ஏழு வருஷமாக் காத்தைத் தோக்கடிச்சுட்டு வர்றேன் அண்ணி" என்று ஒருமுறை அண்ணியிடம் சொன்னாளாம். "அதைத் தொடைச்சுத் தொடைச்சு வைக்கிறது நான்" என்றாளாம் அண்ணி.

இந்த வருஷம்தான் எதிர்ப்பக்கத்துக்கு ஆள் வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். திருநங்கை. ஒன்றரை வருஷமாக அதே கிளப்பில் காலையில் பயிற்சி செய்கிறாள்; பஸ் டிரைவர் போவது சாயங்காலம். நகர ஜூடோ சங்கம் புதிதாக விதி போட்டிருந்தது: டாக்டர் சான்றிதழ், ஒரு வருஷ ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இரண்டும் சரியாக இருந்தால் திருநங்கைகள் பெண்கள் பிரிவில் மோதலாம். ஆனால் அதே எடையில் இருக்கும் போட்டியாளர் பத்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், விசாரணை வைப்பார்கள், அந்த வருஷம் மோத முடியாது. அதே எடையில் இருந்தது ஒரே ஒருத்தி. பெரிய பெரிய ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய விதி, கடைசியில் ஒரு பஸ் டிரைவரின் பேனா முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்றார் சலூன்காரர். "நல்ல பொண்ணு. என் கண்ணாடியை அவதான் சரி பண்ணினா. ஆனா எலும்பு எலும்புதானே? உன் தோளை இறக்கிட்டா பஸ்ஸை யாரு ஓட்டுவா, நானா?"

"நீ ஓட்டினா நான் நடந்து போயிடுவேன்."

"விளையாடாதே. ஏழு தங்கம் வாங்கினவ நீ."

"வாங்கினேனா? கொடுத்தாங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பத்து நாள் இருக்கில்ல? முதல்ல அவளைப் பிடிச்சுப் பாக்கறேன். அப்புறம் எழுதறேன்."

போய்விட்டாள். வாடிக்கையாளரின் நுரை காய்ந்து, கன்னத்தில் சுண்ணாம்புபோல வெடித்திருந்தது.

கிளப் சலூனுக்கு அடுத்த டயர் கடைக்கு மாடியில் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் எங்கள் தெருவில் பலருக்கு டயர் தேவைப்பட்டது. அதில் பாதிப் பேரிடம் வண்டியே கிடையாது. படிக்கட்டு வளைவில் நின்றால் மெத்தை முழுசாகத் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

முதல் சாயங்காலம் இருவரும் அங்கிக் காலரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சுற்றினார்கள்.

"பயமா இருக்காக்கா?" என்றாள் கண்ணாடிக் கடைக்காரி.

"உன்கிட்ட இல்ல. டிப்போகிட்ட. தோள் போச்சுன்னா ஆறு மாசம் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க."

"நான் பாத்துப் பிடிக்கறேன்."

"பாத்துப் பிடிக்கறதா இருந்தா இப்பவே படியிறங்கு. ஏழு வருஷமா எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, பிடிக்கத்தான் ஒருத்தரும் வரல."

அடுத்த நொடி கண்ணாடிக் கடைக்காரி முதுகு மெத்தையில் அடிக்க விழுந்தாள். கீழே டயர் அடுக்கு ஆடியது. எழுந்து அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.

மூன்றாம் நாள் விழுந்தது பஸ் டிரைவர். விழுந்தவள் எழவில்லை. சத்தம் கேட்டுச் சலூன்காரர் கையில் சீப்போடு மாடிக்கு ஓடினார். "சொன்னேனே, சொன்னேனே!" என்று மெத்தையில் செருப்போடு ஏறிவிட்டார். தங்கை மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல செருப்பைக் கழட்டுண்ணா" என்றாள்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது கண்ணாடிக் கடைக்காரி சொன்னாள்: "நீங்க ஆட்சேபம் எழுதினா நான் கோவிச்சுக்க மாட்டேன்க்கா. உங்க உடம்பு, உங்க வேலை. ஆனா பாவம்னு நினைச்சு எழுதாம மட்டும் விட்டுடாதீங்க. பாவத்துக்குக் கிடைக்கிற மேட்ச் எனக்கும் வேண்டாம்."

"உன்னைப் பாத்துப் பாவப்படறதா? நீ என்னை இதுவரை பதினாலு தடவை கீழ போட்டிருக்கே."

பத்தாம் நாள் காலை முதல் டிரிப்புக்குப் போகிற வழியில் படிவத்தைச் சலூன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கவே படித்தார். "ஆட்சேபம் உண்டு. இந்த எடைப் பிரிவில் இரண்டே பேர்தான் இருக்கிறோம். போதாது. இன்னும் ஆள் சேர்க்கவும்."

இரண்டு தடவை படித்தார். கஷாயம் குடித்த முகத்தோடு முத்திரை குத்தி அனுப்பினார். சங்கத்திலிருந்து போன் வந்தது, இது ஆட்சேபமா, ஆள் தேவை விளம்பரமா என்று. "என் தங்கச்சி எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்" என்றார் அவர். பத்து நாளாகக் கத்திய அதே வாய்தான். சங்கம் அதை ஆள் தேவை விளம்பரமாகவே எடுத்துக்கொண்டது.

போட்டியன்று தெருவே அரங்கத்தில் இருந்தது. முதல் தடவையாக அவள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தது. அதைப் பார்த்ததுமே அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. மேட்ச் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நாலு நிமிஷம் சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். இருவர் அங்கியும் நனைந்து கனத்துப்போயிருந்தது, பிடி நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்ணாடிக் கடைக்காரியின் கால் பஸ் டிரைவரின் குதிகாலை வாரிவிட்டது. தோற்றுப்போனாள்.

எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு குரல், "நாங்க அப்பவே சொன்னோமில்ல" என்றது. அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து, பெல்ட்டைக்கூடக் கட்டாமல் நேரே நடுவரிடம் போனாள்.

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"ஏழு நிமிஷம் பன்னிரண்டு நொடி."

"இன்னொரு தடவை சொல்லுங்க. எங்கண்ணனுக்குக் கேக்கணும்."

சலூன்காரர் அன்று ராத்திரியே வெள்ளிப் பதக்கத்தைக் கண்ணாடிக்கு நேர் நடுவில் மாட்டினார். தங்கங்கள் ஓரத்துக்கு நகர்ந்தன. இப்போது ஒரு தலையை முடிப்பதற்குள் அந்த மேட்ச் கதை மூன்றாவது நிமிஷத்தைக்கூடத் தாண்டுவதில்லை. மீதியைக் கேட்கவே சிலர் அடுத்த வாரம் சவரத்துக்கு வருகிறார்கள்.

அந்த விதி சரியா தப்பா என்று எங்கள் தெரு இன்னும் பேசி முடிக்கவில்லை, முடிப்பதாகவும் இல்லை. இருவரும் அப்புறம் மூன்று தடவை மோதினார்கள். ஒன்றில் பஸ் டிரைவர் ஜெயித்தாள். கண்ணாடிக் கடைக்காரி, போட்டியில் எடை பார்க்கும் மேஜையில் உட்காரும் மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் எடை கிராம் சுத்தமாகத் தெரிந்தும் கட்டிக்கொண்டவர் என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பஸ் டிரைவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. போன மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்து நகர டிப்போவுக்குப் போய்விட்டாள். சம்பளம் அதேதான், வீடு இதைவிடச் சின்னது. ஆனால் அங்கே அவள் எடையில் ஐந்து பேர் இருக்கிறார்களாம்.